பலகையில் மறுபடி உங்கள் பெயர்

என் செல்ல அத்தாவுக்கு, கோயம்புத்தூரிலிருந்து மகளின் சலாம்.

ஆமாம், கோயம்புத்தூரிலிருந்துதான். மஸ்கட்டில் உங்களை அடக்கம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை; அதற்குள் கிளம்பிவிட்டாளா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கிளம்பிவிட்டேன். சிங்காநல்லூரில் அதே தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை திறந்துவிட்டேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தக் கிரீஸும் கரியும் என்று அம்மா முனகினார். "அத எனக்குத் தொழில் கத்துக்குடுத்த உங்க வீட்டுக்காரரைத்தான் கேக்கோணும்மா" என்று சொல்லிவிட்டேன்.

பலகை விஷயத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

கலவரத்தின்போது எனக்கு எட்டு வயது. ஊரடங்கு தளர்ந்த காலையில் உங்கள் ஸ்கூட்டரில் நானும் கடைக்கு வந்தேன். பெயர்ப் பலகையைப் பார்த்துப் பார்த்து முஸ்லிம் கடைகளைக் கொளுத்தியிருந்தார்கள். நம் கடை மட்டும் முழுசாக நின்றது. 'ரஹீம் கோவிந்தராஜ் மோட்டார் ஒர்க்ஸ்' என்ற பலகையில் 'ரஹீம்' மேல் கறுப்புப் பெயின்ட். உங்கள் கூட்டாளி கோவிந்தராஜ் மாமாதான் ஏணி போட்டு ஏறி அழித்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். இல்லீன்னா கட தங்கியிருக்காதுங்க" என்றார்.

"நீங்க செஞ்சது சரிதானுங்க. அதுதான் எனக்குத் தாங்கல" என்றீர்கள்.

அன்று சாப்பிடும்போதே, மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பாவிடம் போய்விடலாம் என்று முடிவாகச் சொன்னீர்கள்.

"கடதான் தப்பிச்சிருச்சேங்க, அப்புறம் எதுக்கு ஊர உட்டுப் போகோணும்?" என்று அம்மா அழுதார்.

"பேர அழிச்சாத்தான் பொழைக்க முடியும்னா, அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்."

கடை எரிந்திருந்தால் அதே இடத்தில் திரும்பக் கட்டியிருப்பீர்கள் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. கட்டியிருப்பீர்களா, அத்தா?

போன வாரம் புதுப் பலகை வந்தது. பழைய பெயர்தான், உங்கள் பெயர் முன்னால். இந்த முறை பெயின்ட் இல்லை, ஸ்டீல் எழுத்துகள். 'ஆர்.ஜி.' என்று சுருக்கிப் போடுங்கள் என்றார் கட்டிடத்துக்காரர். காது கேட்காதவள் போல இருந்துவிட்டேன். மாட்டுவதற்கு முன் கோவிந்தராஜ் மாமா கைத்தடியோடு வந்து எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"இத அவசரத்துக்கு அழிக்க முடியாதே, கண்ணு."

"முடியாதுங்க மாமா. அதுக்குத்தானுங்க."

பலகை மேலே ஏறியதும் மாமா ஒரு நாற்காலி கேட்டார். பலகைக்கு நேர் கீழே, தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படி ஒரு நாள் மறுக்கா வந்தா நான் இங்கதான் உக்காந்திருப்பேன். பாய்கிட்டச் சொல்லிப்போடு" என்றார்.

சொல்லிவிட்டேன்.

நேற்று தாராபுரத்திலிருந்து ஒரு விவசாயி எரிந்துபோன மோட்டாரை இறக்கினார். பலகையைப் படித்துவிட்டு, "ஏனுங்க, ரஹீம் பாய் வந்துட்டாருங்களா?" என்றார். "அவரு பொண்ணு வந்திருக்கேனுங்க" என்றேன். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மாமாவின் நாற்காலியை நான் எடுக்கப்போவதில்லை. பக்கத்தில் எனக்கும் ஒன்று போட்டுவிட்டேன். உங்கள் பெயரை இனி யாரும் அழிக்க விடமாட்டேன் அத்தா, நம்மைக் காப்பாற்றுவதற்காகக்கூட.

இப்படிக்கு,
ரஹீம் மகள் ஆயிஷா