மேலே இருந்தவனும் கீழே நின்றவனும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் மகன் கத்தினான். கடைத்தெருவில் அவன் காரைப் பின்னால் எடுக்க, நான் வழக்கம்போல இறங்கி நின்று கை காட்டினேன். "அப்பா, கார்லயே கேமரா இருக்கு. நடுத்தெருவுல நின்னு கையை ஆட்டாதீங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

பார்த்தால் பார்க்கட்டுமே. கப்பல் கப்பலாகக் காலி பண்ணிய கை இது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் புலம்பினேன். "தினமும் என் காதைக் குடையறதுக்கு, சொல்லுங்க, எழுதியாவது வைக்கிறேன்" என்று பேனாவோடு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எழுத்து வராது. வாய் என்னுடையது, கை அவளுடையது. ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எழுதுகிறவள் சிரிக்கிறாள். இதையும் எழுது.

மார்ச் 7, வெள்ளி

சேதி வந்துவிட்டது! போன மாதம் முதியோர் சங்கத்துக்கு மைக்கோடு வந்து எல்லாரிடமும் கதை கேட்டுப் போனார்களே, இசை மண்டபத்துக்காரர்கள் — என் கதையை எடுத்திருக்கிறார்களாம். பெரிய வாத்தியக்குழு வாசிக்குமாம். பிழைக்க வந்த ஐந்து நாட்டு மனிதர்கள், அந்த வாசிப்பின் நடுவே, அவரவர் மொழியில் கதை சொல்ல வேண்டுமாம். சொல்லச் சொல்லத் தலைக்கு மேலே திரையில் இந்த ஊர் மொழியில் எழுத்து ஓடும்.

வந்த புதிதில் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்த கதையை எவனும் சொல்வான். நான் சொன்னது 'மேலே இருக்கிறவன்' கதை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் அவன். அவனும் பிழைக்க வந்தவன்தான், வேறு தேசம். அவன் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவனுக்குத் தெரியாது, இந்த ஊர் மொழி இரண்டு பேருக்குமே அரைகுறை. அவன் ஆகாசத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள். நான் கீழே, கொக்கியடியில், சைகை காட்டுகிறவன். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் காட்டினால் நில். நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் கோத்தால் வேலை முடிந்தது. வருஷக்கணக்காக இந்த நாலு சைகையில்தான் எங்கள் குடித்தனமே நடந்தது.

ஒருநாள் இரும்புக் கட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது சங்கிலி வழுக்கியது. அடியில் இரண்டு பேர், முதுகைக் காட்டிக்கொண்டு. உள்ளங்கையைத் தூக்கினேன். அரை மூச்சில் நிறுத்தினான் மேலே இருக்கிறவன். அந்த இரண்டு பேரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அவன் எனக்கு முன்னால் ஏறிவிடுவான், எனக்குப் பின்னால் இறங்குவான். பக்கத்தில் பார்த்ததே கிடையாது. வேலையை விட்டுப் போகிற அன்றைக்குத்தான் நேரே என்னிடம் வந்தான். என் தோள் உயரம்கூட இல்லை! ஆகாசத்தில் உட்கார்ந்து ஆட்டிவைத்தவன் இத்தனூண்டா! என்ன பேசுவது? இரண்டு பேரும் திருதிருவென்று முழித்தோம். சட்டென்று சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினான்.

அள்ளித் தூக்கிவிட்டேன். துறைமுகமே சிரித்தது.

"இன்னைக்கு மேலே இருக்கிறவன் ரொம்ப நிதானம்" என்று நான் அப்போது வீட்டில் சொல்வதைக் கேட்டு, புதிதாக வந்த இவள் என்னைப் பெரிய பக்திமான் என்று நம்பினாளாம். (நம்பித்தான் மோசம் போனேன் — இது எழுதுகிறவள் சேர்த்தது. சேர்க்கக் கூடாது என்று சொல்லியும்!)

மார்ச் 12, புதன்

முதல் ஒத்திகை. மகன்தான் கூட்டிப்போனான், பேச்சுத்துணைக்கும் அவன்தான்.

மண்டபம் எங்கள் பழைய சரக்குக் கொட்டகை அளவு. ஆள் உயரப் பிடில்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அத்தனை பேரையும் ஒரே ஒரு அம்மாள் சின்னக் குச்சியால் மேய்க்கிறாள். நான் 'குச்சியம்மா' என்று வைத்துக்கொண்டேன். மூச்சு விடக்கூட அவளைப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

ஆனால் நான் — சொல்லவே நாக்கு கூசுகிறது. வாசிப்பு தாழ்ந்ததும் குச்சியம்மா இடது கையை என் பக்கம் நீட்டுவாள், அப்போது நான் ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நீட்டினாள். வாய் திறக்கவில்லை. மறுபடி வாசித்தார்கள், மறுபடி நீட்டினாள், மறுபடி ஊமை. இன்னொரு தரம், சொல்லிக்கொண்டிருந்தவன் அவள் கையைப் பார்த்ததும் பாதி வார்த்தையில் நின்றுவிட்டேன். அத்தனை வாத்தியமும் எனக்காக மறுபடி முதலிலிருந்து. மகன் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

போகும்போது மகனிடம் மெதுவாகச் சொன்னார்களாம்: கவலை வேண்டாம், என் கதையை ஒரு நடிகர் இந்த ஊர் மொழியில் வாசித்துக்கொள்வார். நான் முன் வரிசையில் மாலை மரியாதையோடு உட்காரலாம்.

உயிரோடு இருக்கும்போதே எனக்கு ஆள் போடுகிறார்களா?

மார்ச் 13, வியாழன்

"விடுங்கப்பா. அவர் அழகா வாசிப்பார். மேடையில நீங்க முழிச்சுக்கிட்டு நின்னா எனக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

"உனக்கு என்னடா கஷ்டம்?"

"பார்க்கறவங்க பாவம்னு நினைப்பாங்கப்பா."

எனக்கு என்னதான் ஆயிற்று? காது கேட்கிறது. கதை நெஞ்சில் அப்படியே இருக்கிறது. பயமும் இல்லை. பின்னே?

சமையலறையில் போய் இவளிடம் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தேன். பால் பொங்கியது. ஒரு நிமிஷம் பொறுங்கள் என்பதுபோல, திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினாள். நான் கப்பென்று நின்றேன். கையை இறக்கினாள், பேசினேன். திரும்பிப் பார்த்து, வேண்டுமென்றே மறுபடி காட்டினாள். மறுபடி நின்றேன்.

"அடக் கடவுளே, இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே! உங்க வாயை அடைக்க இவ்வளவு சுலபமான வழி இருந்திருக்கு!"

சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குச்சியம்மா காட்டியதும் உள்ளங்கைதான். துறைமுகத்தில் யார் உள்ளங்கையைக் காட்டினாலும் அத்தனை பேரும் நின்றாக வேண்டும்; அதற்குப் பிறகும் அசைந்தால் அடியில் ஆள் நசுங்குவான். மூளைக்கு இது மண்டபம் என்று தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வரை இவள் காட்டக் காட்டப் பேசிப் பழகிப் பார்த்தேன். முடியவில்லை.

மகனிடம் சொன்னேன். "இப்பப் போய் இதைச் சொன்னா சாக்கு சொல்றோம்னு நினைப்பாங்கப்பா" என்றான்.

மார்ச் 18, செவ்வாய்

நடிகர் வாசிப்பதைக் கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். போக மாட்டேன் என்றேன். இவள்தான் தள்ளிவிட்டாள்.

வெல்லக்கட்டிக் குரல் அந்த மனிதருக்கு. குறையே சொல்ல முடியாது. ஆனால் வாசிக்க வாசிக்க என்னைப் பிச்சைக்காரன் ஆக்கிக்கொண்டே போனார். கொக்கியடியில் நெஞ்சை நிமிர்த்தி நின்றவனை மூலையில் குந்தி அழ வைத்துவிட்டார். மேலே இருக்கிறவனை நான் தூக்கிய இடம் வந்ததும் குரல் நடுங்குகிறது! ஐயா, அங்கே சிரிக்க வேண்டும்! பிடில்காரப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில் திரும்பினேன். மகன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். "இது நீங்க இல்லப்பா" என்றான். எழுந்தான்.

நேராக மேடை ஏறினான். அத்தனை பேர் முன்னால் குச்சியம்மாவுக்கு எதிரே நின்று காட்டினான். இது தூக்கு. இது இறக்கு. இது நில். இது முடிந்தது. முழங்கை ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்தது, விரல் சுழல வேண்டிய அளவுக்குச் சுழன்றது. நான் அவனுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. சின்ன வயதில் துறைமுகக் கம்பிவேலிக்கு வெளியே நின்று எனக்காகக் காத்திருப்பான். அங்கிருந்தே பார்த்திருக்கிறான். நடுத்தெருவில் நான் கையை ஆட்டினால் வெட்கப்படுகிறவன்!

குச்சியம்மா முதலில் முழித்தாள். அப்புறம் சிரித்தாள். குச்சியை வலது கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, இடது சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினாள்.

வாய் தானாகத் திறந்தது.

நடிகர் இறங்கி வந்து கையைக் குலுக்கினார். நல்ல மனிதர்.

மார்ச் 24, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், வெந்நீர், வெந்நீர். பேசக் கூடாதாம். இவளுக்குக் கொண்டாட்டம்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று நடந்தது. தொண்டை என் மானத்தைக் காத்தது.

மண்டபம் நிறைய ஜனம். மகன் வாங்கிக்கொடுத்த கறுப்புக் கோட்டு. பெரிய பிடில்கள் அடிவயிற்றில் உறுமின — கப்பல் கரையைத் தொடுமே, அந்த உறுமல். குச்சியம்மா விரலைச் சுழற்றினாள். தமிழில் சொன்னேன், நான் பேசுகிற தமிழில். சங்கிலி வழுக்கிய இடத்தில் அவள் உள்ளங்கையைக் காட்டினாள். அத்தனை வாத்தியமும் நின்றது, நானும் நின்றேன். அந்த மௌனத்தில் மண்டபமே அண்ணாந்து பார்த்தது, இரும்பு அங்கே தொங்குவது போல. அப்புறம் விரல் கீழே சுழன்றது. மெல்ல, மெல்ல இறக்கினோம், அவளும் நானும்.

அவனைத் தூக்கிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். திரையில் எழுத்து ஓடுவதற்கு முன்பே ஒரு சிரிப்பு. அது என் வீட்டுக்காரியுடையது.

கடைசியில் நெஞ்சுக்கு நேரே கையைக் கோத்தேன். ஜனங்கள் கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். குச்சியம்மாவும் குச்சியை வைத்துவிட்டுக் கையைக் கோத்தாள். மகன் எழுந்து நின்று தட்டினான். அவனுக்குப் பின்னால்தான் மற்றவர்கள் எழுந்தார்கள். நான் பார்த்தேன்.

ஏப்ரல் 5, சனி

கடைத்தெருவுக்குப் போனோம். இரண்டு வண்டிக்கு நடுவில் ஒடுக்கமான இடம். பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மகன் கண்ணாடியை இறக்கினான்.

"அப்பா, கொஞ்சம் இறங்கிக் கை காட்டுங்க."

"கேமரா கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

இறங்கினேன். தெருவே பார்த்தது. கடைசி அங்குலத்தில் உள்ளங்கையைக் காட்டினேன். அரை மூச்சில் நிறுத்தினான்.