இடது கைப் பக்குவம்

மார்ச் 4, திங்கள்

சலூனில் இன்று ஓயாத கூட்டம். நின்று நின்று கால் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தால், காலையில் வாண்டுக்கு வைத்த தட்டு மூடியது மூடியபடி மேசை மேல் இருக்கிறது. உள்ளே முட்டை ரப்பர் மாதிரி ஆகியிருந்தது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே கதை. நான் சமைத்த எதையும் அவள் வாயில் வைப்பதில்லை. மதியம் பள்ளிக்கூடத்துச் சாப்பாடு, வீட்டில் வெறும் பிரெட்டும் பாலும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அதட்டினால் சித்தி கொடுமை என்பார்கள். கெஞ்சினால், என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாள். அங்கே அடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

ஒன்றுக்கு மட்டும் மறுப்பதில்லை. சனிக்கிழமைகளில் ஸ்டூலில் உட்காரவைத்து முடி நுனியை வெட்டிவிடுவேன். இல்லாத முடிக்கு வகிடு எடுக்கச் சொல்லும் வழுக்கைக் கிழவர், கண்ணாடியில் தெரியும் தன்னிடமே கோபித்துக்கொள்ளும் அம்மாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கதையைச் சொன்னால் தோள் குலுங்கச் சிரிப்பாள். ஸ்டூலை விட்டு இறங்கினால் பழைய முகம்.

பெரியம்மா இன்று போன் செய்தார். வாண்டுவின் அம்மாவுக்கு அக்கா. அந்த அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. "பரீட்சை முடியட்டும். அதுக்குள்ள பிள்ளை உங்க வீட்ல ஒழுங்கா சாப்பிடலன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். என் வீட்டுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன். வாயும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும்.

எனக்குக் குழந்தை பிறக்காது என்று தெரிந்த பிறகுதான் இங்கே வந்தேன். ஒரு பிள்ளை இருக்கிறதே என்பதற்காகவே வந்தேன். அவளும் போய்விட்டால் எனக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

மார்ச் 5, செவ்வாய்

வேறு வழியில்லாமல் அவளையே கேட்டேன், என்னதான் சாப்பிடுவாய் என்று. கொஞ்சம் யோசித்து, "மிச்ச ரொட்டி" என்றாள்.

இவர் விளக்கினார். ஞாயிறன்று அவித்த உருளைக்கிழங்கும் முட்டைகோஸும் மீந்தால், வாண்டுவின் அம்மா மறுநாள் அவற்றை மசித்து, முட்டையும் கொஞ்சம் மாவும் வெங்காயமும் சேர்த்து, தட்டையாகத் தட்டித் தவாவில் சுடுவாளாம். வீட்டில் அதற்கு மிச்ச ரொட்டி என்று பெயர். "திங்கக்கிழமைன்னா இது ஸ்கூல்லேருந்து ஓடியே வரும்" என்றவர், உடனே, "உனக்கெதுக்கு அந்த வேலை, விடு" என்றார்.

ஏன் விட வேண்டும்? கிழங்கு மசிக்க எனக்குத் தெரியாதா?

மார்ச் 6, புதன்

பிள்ளைக்கு மீந்ததைப் போடுகிறாள் சித்தி என்று ஒரு பேச்சு எதற்கு? புதுக் கிழங்கும் புதுக் கோஸும் வாங்கி அவித்துச் செய்தேன். கிழங்கு சூட்டோடு மசிந்து பசையாகிவிட்டது. கோஸ் தண்ணீர் விட்டது. சுவரொட்டி ஒட்டலாம்.

வாண்டு தட்டை எட்டிப் பார்த்தாள். "இது மிச்சம் இல்லையே" என்றாள்.

மார்ச் 11, திங்கள்

நேற்று வேண்டுமென்றே அதிகம் அவித்து, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தேன். மீதம் வரவேண்டும் என்று சமைத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்று கோஸைத் துணியில் கட்டிப் பிழிந்து, ஆறி இறுகிய கிழங்கோடு சேர்த்துப் பிசைந்தேன். பிடித்தால் பிடித்தபடி நிற்கிறது. மிச்சத்துக்கு இவ்வளவு குணமா என்று சந்தோஷமாக இருந்தது.

சுடும்போதுதான் சிக்கல். இந்த வீட்டுத் தோசைத் திருப்பி பழைய இரும்பு. அதன் நுனி ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருக்கிறது. ரொட்டிக்கு அடியில் கொடுத்தால் ஒரு முனைதான் இறங்குகிறது, மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. புரட்டப் புரட்ட ஒவ்வொன்றும் உடைந்தது. பின்னால் நின்று வாண்டு சொன்னாள்: "அந்தக் கையால இல்ல, சித்தி."

இவரைக் கேட்டேன். "அவ அம்மா இடது கைக்காரி. நான் சொல்லலையா?" என்றார்.

மார்ச் 12, செவ்வாய்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தக் கூடம் நிஜமாகவே கோணல். உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கம். கை துடைக்கும் துணிக்குக் கொக்கி இடப்பக்கம். கத்தியைக்கூட அந்தக் கைக்கு வாகாகத் தீட்டியிருக்கிறார்கள். இத்தனை மாதம் முழங்கையை இடித்துக்கொண்டு நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுப்பின் முன்னால் தரைக்கல் தேய்ந்திருக்கிறது. நான் நிற்கும் இடத்தில் அல்ல. கொஞ்சம் தள்ளி.

மார்ச் 18, திங்கள்

சாப்பிட்டாள். வாண்டு சாப்பிட்டாள்.

திருப்பியை இடது கையில் பிடித்தேன். ஒரு பொத்தான் போடக்கூட உதவாத கை அது. ஆனால் தேய்ந்த முனை ரொட்டிக்கு அடியில் சத்தமில்லாமல் நுழைந்தது. ஒன்றுகூட உடையவில்லை. ஓரமெல்லாம் மொறுமொறுவென்று சிவந்து வந்தது. வாண்டு மூன்று சாப்பிட்டுவிட்டு, தட்டில் ஒட்டியதையும் விரலால் வழித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டேன்.

ஒன்று மட்டும் எழுதிவைக்க வேண்டும். இவர் மாலை ஷிஃப்டுக்குக் கிளம்ப பாத்ரூமில் சவரம் செய்துகொண்டிருந்தார். முகமெல்லாம் நுரையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "இப்ப தட்டினது யாரு?" என்றார். யாரும் தட்டவில்லையே என்றேன். ரொட்டியைப் புரட்டுவதற்கு முன்னால் தவா விளிம்பில் திருப்பியால் இரண்டு தட்டுத் தட்டுவது வாண்டுவின் அம்மாவுடைய வழக்கமாம். நுரை கழுத்தில் வழிவதுகூடத் தெரியாமல் நின்றார்.

நான் தட்டவில்லை. தட்டினேனா?

மார்ச் 21, வியாழன்

சலூனில் ஒரு சின்ன விஷயம். ஒரு பெண்ணுக்கு நுனி வெட்டிக்கொண்டிருந்தேன். முடி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவில் மடங்கியது. கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அது என் இடது கையில் இருக்கிறது. வலது கைக் கத்தரிக்கோல் இடது கைக்கு வெட்டாது. கண்ணாடியில் நின்றவள் மட்டும் சரியான கையில்தான் பிடித்திருந்தாள்.

"என்னம்மா, தூக்கக் கலக்கமா?" என்று முதலாளியம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 25, திங்கள்

இன்றும் சாப்பிட்டாள். பாலும் குடித்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருக்கிறது, என் கண்ணுக்கு மட்டும்தானோ என்னவோ.

பிசையும்போது கை சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தது. கடுகுத்தூள். ஒரு சிட்டிகை போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. அங்கே அப்படியொரு டப்பா இருப்பது எனக்குத் தெரியாது. அந்தத் தட்டை நான் துடைத்ததுகூட இல்லை.

வாண்டு ஒரு வாய் மென்றாள். "இப்ப சரியா இருக்கு, அம்மா" என்றாள்.

அம்மா. இந்த ஒரு சொல்லுக்குத்தானே தவம் கிடந்தேன். கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. திருப்பி பிடித்திருந்த கையைப் பார்த்துச் சொன்னாள்.

மார்ச் 27, புதன்

கத்தரிக்கோல் மறுபடியும். முதலாளியம்மா என்னைத் தலை அலசும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

மார்ச் 30, சனி

வாண்டுவை ஸ்டூலில் உட்காரவைத்தேன். வலது கைக்குக் கத்தரிக்கோல் பிடிபடவில்லை, இடது கையோ வெட்டமாட்டேன் என்கிறது. சரி, கதையாவது சொல்லலாம் என்று வழுக்கைக் கிழவரை ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கிழவர் என்ன சொல்வார்? வாரா வாரம் வருகிற மனுஷன், முகமே நினைவில்லை. வாண்டு திரும்பிப் பார்த்து, "அப்புறம்?" என்றாள். எழுந்து போகச் சொல்லிவிட்டேன்.

இது எனக்கு வேண்டாம். என் பிழைப்பு இந்தக் கையில்தான் இருக்கிறது. கடைக்குப் போய்ப் புதுத் திருப்பி வாங்கி வந்தேன், நுனி நேரானது. பழையதை இவருடைய டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு அடியில் போட்டுவிட்டேன். உப்பு ஜாடியை வலப்பக்கம் வைத்தேன்.

ஏப்ரல் 1, திங்கள்

புதுத் திருப்பி, வலது கை. அதே கிழங்கு, அதே கோஸ், அதே கடுகுத்தூள். பார்க்க நன்றாகத்தான் வந்தது. ஒரு வாய் வைத்தாள், மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள். "பசிக்கல, சித்தி" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

ஏப்ரல் 4, வியாழன்

என் கை எனக்குத் திரும்பிவிட்டது. இன்று வரிசையாக வெட்டினேன், ஒரு முடிகூட மடங்கவில்லை. வழுக்கைக் கிழவர் வந்தார். "ரெண்டு வகிடா எடுத்துடு, ஒண்ணு சலிச்சுப்போச்சு" என்கிறார். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் வாண்டு பிரெட்டையும் தொடவில்லை. நாளையோடு பரீட்சை முடிகிறது. திங்கட்கிழமை வருவதாகப் பெரியம்மா சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்று முடி வெட்டிவிட்டேன். இரண்டு வகிடு கதையைச் சொன்னேன். ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தாள், அப்படிச் சிரிப்பு. அப்புறம் இறங்கிப் போய், பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துப் புத்தகங்களை எடுத்துவிட்டு, அதில் தன் சட்டைகளை அடுக்கினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அங்க எனக்கு யாரு சித்தி முடி வெட்டுவாங்க?"

இதைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷி எப்படி இருப்பாள்? போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் யாரு சொல்றதுக்கு? பெத்தவளா?

கிழங்கும் கோஸும் அவித்தாயிற்று. மூன்று பேருக்குத் தாராளமாக மீந்திருக்கிறது. டூல் பாக்ஸைத் திறந்தேன். திருப்பி ஸ்பேனர்களுக்கு அடியில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கைப்பிடி என் பக்கமாக இருந்தது. இவர் எடுத்து வைத்திருப்பார். கேட்கவில்லை.

போனால் ஒரு கைதானே. போகட்டும்.

ஏப்ரல் 8, திங்கள்

பெரியம்மா பை, குடை சகிதம் வந்தார். என்ன சமையல் என்றார். மிச்ச ரொட்டி என்றேன். "வந்த மனுஷிக்கும் மிச்சம்தானா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் சுட்டேன். சுட்டேன் என்றா சொல்ல வேண்டும்? நின்றேன். தேய்ந்த கல்லில் கால் தானாகப் போய்ப் பொருந்தியது. தவா விளிம்பில் இரண்டு தட்டு. இந்த முறை எனக்கே கேட்டது. உப்பு ஜாடி வலப்பக்கம் இருப்பதை மறந்து கை இடப்பக்கம் போனது. ஜாடி அங்கேதான் இருந்தது.

வாண்டு வாய் நிறைய வைத்துக்கொண்டு, "அம்மா, இன்னொண்ணு" என்றாள். பெரியம்மா அவளை அதட்டப் போனவர், தன் தட்டிலிருந்து ஒரு துண்டு வாயில் போட்டார். முழுவதையும் மெதுவாகத் தின்று முடித்தார். எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டி சின்னவளே, இத்தனை நாள் எங்கடி இருந்தே?" என்றார்.

சின்னவள் என்பது அவர் தங்கையைக் கூப்பிடும் பெயர். நான் சின்னவள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இங்கதான்க்கா" என்று வந்தது.

இவர் கதவருகே நின்றிருந்தார். பயந்த முகமா, சந்தோஷ முகமா, எனக்குப் புரியவில்லை. பெரியம்மா குடையை மறந்துவிட்டுப் போனார். பிள்ளையைக் கூட்டிப் போகும் பேச்சையே எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பை காலி. சட்டைகள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன.

ஏப்ரல் 22, திங்கள்

எழுதி வெகு நாளாகிவிட்டது. இந்தப் பக்கம் முழுக்க மை கலைந்திருக்கிறது. இடது கையால் எழுதினால், எழுதிய வரி மேலேயே கை உரசிக்கொண்டு போகிறது. பழகிவிடும்.

முதலாளியம்மா நல்லவர். இடது கைக்கென்று ஒரு கத்தரிக்கோல் வரவழைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடி வெட்டுவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை என்று தோன்றியது. அப்படியா? பிடித்துத்தானே இத்தனை வருடம் வெட்டினேன்?

இவர் இப்போது நன்றாகப் பேசுகிறார். கடற்கரைக்குப் போனபோது என் செருப்பு அறுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். நான் இவரோடு கடற்கரைக்குப் போனதில்லை. ஆனால் காலில் சுட்ட மணல் நினைவிருக்கிறது.

வாண்டு தேறிவிட்டாள். கழுத்தெலும்பு மறைந்துவிட்டது. எது வைத்தாலும் சாப்பிடுகிறாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

இன்று மாலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து மேசையில் உட்கார்ந்தாள். முடி கண்ணில் விழுந்திருந்தது, கையால் ஒதுக்கி ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். மூலையில் ஸ்டூல் மேல் யாரோ துணி மூட்டையை வைத்திருக்கிறார்கள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள். இந்த முறை கையைப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"முடி ரொம்ப வளந்துடுச்சு. சித்தி எப்ப வருவாங்க?"

வருவாங்க, நீ சாப்பிடு என்றேன். விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, அடுத்ததைத் திருப்பிப் போட்டேன்.