பிரேக் இருந்த இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. அந்த அளவில் சுகம். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சின்னவள் இன்னும் சாப்பிடப் படுத்துகிறாளா? போனில் பேசலாம் என்றால் இவர் கூடத்தைவிட்டு நகர்வதே இல்லை. அதனால்தான் கடிதம்.

வழக்கு அடுத்த வாரம் வருகிறது. மருந்துக்கடை வாசலில் நிறுத்தப் போகும்போது கார் தானாகப் பாய்ந்தது, பிரேக்கை மிதிக்க மிதிக்க வேகம் எடுத்தது என்று கார் கம்பெனி மேல் இவர் போட்ட வழக்கு. கம்பெனி வக்கீலோ, காரில் உள்ள கருவியில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, இவர் மிதித்தது ஆக்சிலேட்டரைத்தான் என்கிறார். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அவங்க மெஷின் அவங்களுக்குத்தானே பேசும் என்று குதிக்கிறார். இவர் தப்பு என்று தீர்ப்பானால் பயிற்சிப் பள்ளியை மூட வேண்டியதுதான்.

அன்று கார் மோதியது எதிர்வீட்டுத் தையல்காரம்மா மேல். காலில் கட்டோடு படுத்திருக்கிறார். அவரும் இவர் பக்கம்தான். வாத்தியார் கால் தப்புமா, வண்டிதான் சரியில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து அவரைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன வாரம் கோர்ட்டுக்கு ஒத்திகை என்று இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, “இதோ, இப்படித்தான் பிரேக்கை மிதிச்சேன்” என்று காலை ஊன்றினார். கால் போனது வலது ஓரத்துக்கு. பயிற்சி வண்டியில் வாத்தியார் பக்கம் கிளட்ச், பிரேக் இரண்டுதான் உண்டு. வலது ஓரத்தில் இருப்பது பிரேக். ஆபத்து என்றால் இத்தனை வருஷமும் அவர் கால் போன இடம் அதுதான். எங்கள் புதுக் காரில் கிளட்ச் கிடையாது. வலது ஓரத்தில் இருப்பது ஆக்சிலேட்டர். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டி. இவர் பொய் சொல்லவில்லை அக்கா. அது பிரேக் என்று சத்தியமாக நம்புகிறார்.

காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

காரில் பக்கத்தில் இருந்தது நான்தான். கால் எங்கே இருந்தது என்று என்னைத்தான் கேட்பார்கள். நானோ அப்போது கைப்பையில் மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்றால் கட்டினவளே கைவிட்டாள் என்று ஆகும். பிரேக்கில்தான் இருந்தது என்றால் தையல்காரம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்குப் புரிந்ததைச் சொன்னால் இவர் உயிரோடு செத்துவிடுவார். பயமாக இருக்கிறது அக்கா. இவர் பொய் சொல்லச் சொன்னால்கூடச் சண்டை போடலாம். “நீ பார்த்ததை மட்டும் சொல்லு, போதும்” என்கிறார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வழக்கு வருவதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. வழக்கை விடச் சொல்லிப் பேச வேண்டாம், எனக்குப் புத்தியும் சொல்ல வேண்டாம். உன் பேச்சென்றால் இவர் காது கொடுத்துக் கேட்பார். யாருக்கும் கால் தவறும் தம்பி, எது நடந்தாலும் நீங்க எங்க வீட்டுப் பிள்ளைதான் என்று பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் அது சாட்சி சொன்னதாகிவிடும்.

இப்படிக்கு,
வாசலையே பார்த்திருக்கும் உன் தங்கை