பதினான்கு பேரின் ஹோட்டல்

கழக்கூட்டம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் சபீனாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ. போனில் சொன்னால் பாதியிலேயே திட்டத் தொடங்கிவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

ஐந்து மாதமாக உன்னிடம் பொய் சொன்னேன் மகளே. நான் பதினெட்டு வருஷம் பரோட்டா அடித்த ஹோட்டலை முதலாளி மூடிவிட்டு மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். பகலில் கட்டட வேலைக்குச் செங்கல் சுமந்தேன், நீ வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றேன், உம்மா பக்கத்தில் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவாள். ஹோட்டல் மூடிய அன்றே சப்ளையர் ஸ்ரீகுமார் எங்கள் பதினான்கு பேரையும் கூட்டி, "மாஸ்டரே, இத்தனை காலம் நடத்தினது நம்மளல்லே? ஒரு சங்கம் உண்டாக்கி நம்ம தன்னே நடத்தலாம்" என்றான். வேலை செய்கிறவர்களே உடைமைக்காரர்கள், ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு வோட்டு. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற மாடம்மாளுக்கும் எனக்கும் ஒரே வோட்டா, மாஸ்டருக்கு இரண்டு வேண்டும் என்றேன். கை தூக்கச் சொன்னார்கள், என் கை மட்டும் தனியாக நின்றது. கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு பைபாஸில் புதிதாகத் திறக்கிற ஹோட்டல்காரர் ஒருவர் கூப்பிட்டார். ஒத்துக்கொள்ளப் போன இடத்தில், மனசு கேட்காமல் மாடம்மாளுக்கும் ஒரு வேலை கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "கழுவ ஆளா கிட்டாது? நிங்களுக்கும் வயசு அம்பத்தெட்டு ஆச்சல்லே, கை தளர்ந்தா வேற மாஸ்டர் வரும்" என்று சிரித்தார். நேராக மாடம்மாள் வீட்டுக்கு நடந்தேன். அங்கேதான் மற்றவர்கள் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு விற்க வாழையிலையில் பொதிச்சோறும் பரோட்டாவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடம்மாள்தான், "வாங்க அண்ணாச்சி, மாவு பெசைய ஆளில்லாம கெடக்கோம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாவில் குனிந்து மறைத்துக்கொண்டேன்.

இப்போது சந்தோஷச் செய்தி. சங்கம் பதிவாகி, பழைய கட்டடத்தையே வாடகைக்கு எடுத்து, போன திங்கட்கிழமை திறந்துவிட்டோம். தலைவராக மாடம்மாள் பேரை ஸ்ரீகுமாரே சொன்னான், முதலில் கை தூக்கியவன் நான். அவளோ, "ஐயோ, எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதே" என்று முகத்தை மூடிக்கொண்டாள், வாசிக்க நாங்கள் இருக்கிறோம் என்று எல்லாரும் கத்தினோம். திறந்த அன்று வரிசை ரோடு வரை நின்றது, தலைவரே சேலையைச் செருகிக்கொண்டு எச்சில் தட்டு எடுத்தாள். மரச்சீனிக் கிழங்கும் காய்கறியும் இங்கே பக்கத்துத் தோட்டக்காரர்களிடமே வாங்குகிறோம். எதிர்த்த தையல் கடைப் பெண்கள் ஒன்பது பேர் வந்து, தாங்களும் இப்படிச் சேரலாமா என்று விவரமெல்லாம் கேட்டுப் போயிருக்கிறார்கள். உம்மா கல்லாவில் உட்கார ஆசைப்படுகிறாள், அதற்கும் வோட்டு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, காலுக்கு உறை போட மறக்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நீ அனுப்பும் பார்சலில் முதலாளி பேரை எழுதி 'மாஸ்டர் கைக்கு' என்று போடுவாயே, இனி அவர் பேர் வேண்டாம். என் பேரைப் போட்டாலே ஹோட்டலுக்கு வந்து சேரும்.

உன் வாப்பா,
பிச்சைக்கனி