தவிலுக்கென்று விட்ட இடம்

சேரப்பணஞ்சேரி,
10.11.1991

அன்பு மகன் ரகுவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். ஜெர்மனியில் நீ எப்படி இருக்கிறாய் என்பது போன வியாழக்கிழமைதான் எங்களுக்குத் தெரிய வந்தது. காலை ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் உன் ஜாஸ் குழுவின் தலைவர், சாக்சபோன் வாசிக்கிற ஹென்ரிக், பாயில் காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், மொழிபெயர்க்கக் கூடவே ஜோதி என்று ஒரு மெட்ராஸ் பெண். பாஸ்போர்ட் சிக்கலால் குழுவோடு வரமுடியவில்லை என்று நீ எழுதினாயே, அதே மெட்ராஸ் கச்சேரிக்குத்தான் வந்திருக்கிறார்கள். நீ குழுவை விட்டு நாலு மாதம் ஆகிறது, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாய் என்று அந்தப் பெண் சொன்னதும், காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "எம்புள்ள வேளாவேளைக்கு துன்றானா, அத்த மொதல்ல கேட்டு சொல்லும்மா" என்றாள். நீ தன்னிடம் பேசுவதே இல்லை, அதனால் தெரியாது என்றார் ஹென்ரிக்.

நடந்ததை அவர் மறைக்கவில்லை. ஆப்பிரிக்க முரசு, துருக்கிக் குழல், நம் தவில் என்று எல்லா நாட்டு இசையையும் சேர்க்கிற குழு என்று பெயர் வாங்கிக்கொண்டு, நேரம் போதாதபோதெல்லாம் நீ தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தைத்தான் வெட்டினார்களாம். மூன்றாவது தடவை நீ தவிலை இறக்கிவைத்துவிட்டுப் போனாயாம். தப்பு என்னுடையது, அதை அவனைப் பெற்றவர்களிடம் சொல்ல வந்தேன் என்றார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

நேற்று கச்சேரிக்குப் போனோம். எனக்குப் பாதிக்குமேல் பிடிபடவில்லை. நீ அனுப்பிய கேசட்டில் கேட்ட ஒரு பாட்டின் நடுவில் எல்லோரும் கருவியை இறக்கிவிட்டார்கள், ஒருவர் மட்டும் பெரிய வயலின் மாதிரி ஒன்றில் ஒற்றைத் தந்தியைச் சுண்டிக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஏதோ கோளாறு என்று சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "ஏங்க, இது நம்ம ரகு வாசிக்கிற எடங்க" என்றாள். முடிந்ததும் ஹென்ரிக்கிடம் கேட்டேன், மெட்ராசில் தவிலுக்கா பஞ்சம், ஒருவரை அழைத்திருக்கலாமே என்று. அது அவனுடைய இடம், அவன் வருகிறவரை காலியாகவே இருக்கும் என்றார்.

ரகு, நீ கோபப்பட்டது நியாயம். எங்களுக்குப் பொய் எழுதியது நியாயமில்லை. பாத்திரம் கழுவுவதில் கேவலம் ஒன்றும் இல்லை, நானே கேண்டீனில் தட்டு கழுவித்தான் கம்பெனிக்குள் நுழைந்தவன். திரும்பச் சேர்வது உன் இஷ்டம். ஆனால் தன் தப்பைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்த மனுஷனிடம் முகம் பார்த்துப் பேசு. அங்கே குளிராம், விரல் வெடிக்காமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்.

எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. ஒரு விஷயம் மறந்துவிடாதே. அம்மா எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டி ஹென்ரிக் கையில் கொடுத்திருக்கிறாள். தபாலில் அனுப்பலாமே என்றேன். "அவரே கொண்டும்போய் குடுக்கட்டும்" என்றுவிட்டாள். இருபத்தைந்தாம் தேதி அங்கே உன் வீட்டுக்கு வருவார். இரண்டு பேருக்குச் சோறு வடித்து வை.

இப்படிக்கு
உன் அப்பா,
சே. கோதண்டராமன்