மலைப்பாதையில் அம்மாவின் பெயர்

செப்டம்பர் 9, திங்கள்

நான் நடத்தும் சுற்றுலாவுக்கு எட்டுப் பேர் உறுதியாகிவிட்டார்கள். எல்லாரும் மெக்சிகோ நகரத்து ஓய்வுபெற்ற வாத்தியார்கள். அக்டோபர் நடுவில் வருகிறார்கள், ஐந்து நாள். கோயிலும் கடையும் போதும் போதும் என்றாகிவிட்டதாம். எங்கள் வஹாகா மாநிலத்தில் எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்களோ அத்தனை பேரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். பதினாறு இனம் இருக்கிறது, ஐந்து நாளில் நாலைந்தைத் தொடலாம் என்று எழுதினேன். சரி என்று உடனே பதில்.

மித்லாவில் மதியச் சாப்பாடு. அங்கிருந்து மிஹே இன மக்களின் மலைக்கு ஏறி ஒரு இரவு. பிறகு கிழக்கே இறங்கி இஸ்த்மோ சமவெளியில் ஸபோதெக் இன ஊர்கள். அப்புறம் காயலோர மீனவர்கள், கடைசியில் கடற்கரை. மலையில் எட்டுப் பேர் தங்க ஒரே இடம் சாந்தா ரூஃபினா. ஊரார் பொதுவில் கட்டிய மரக்குடில்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "அந்த மலைக்கு எதுக்குடி? ரோடு சரியில்ல" என்றாள்.

"நீ போயிருக்கியா?"

"சொல்லக் கேட்டிருக்கேன்."

நம் டிரைவர் மக்காரியோதானே ஓட்டுகிறான், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான் என்றேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

 எழுதிவிட்டால் புரியுமோ என்னவோ.

காலையில் சாந்தா ரூஃபினாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பில் சோள மாவு ரொட்டி, தோர்த்தியா, சுட்டுக்கொண்டிருந்தாள். எடுத்தது ஒரு வயதான பெண். ஸ்பானிஷ் சுத்தமாக வரவில்லை. நான் ஒன்று கேட்க, அவள் மிஹே மொழியில் ஏதோ சொல்ல, இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அம்மா வந்து போனை எடுத்தாள். மாவு ஒட்டிய கையோடு. பேசினாள்.

மிஹேயில். தட்டுத்தடுமாறி இல்லை, மழைத்தண்ணீர் ஓடுகிற மாதிரி. எனக்கு முப்பத்தாறு வயது. இந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஸ்பானிஷ் தவிர வேறு ஒரு சொல் நான் கேட்டதில்லை. மித்லாவில் பிறந்தவள், தாய் தகப்பன் இல்லாமல் யார் யார் வீட்டிலோ வளர்ந்தவள் — அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். குரலே வேறாக இருந்தது. சின்னப் பெண் குரல்.

போனை வைத்தாள். "இடம் இருக்காம். சாப்பாடு அவங்களே போடுவாங்களாம்" என்றாள்.

"அம்மா. உனக்கு எப்படி அந்தப் பாஷை?"

"சந்தையில பழகினது."

"சந்தையிலயா? பொய் சொல்லாதம்மா!"

"தோர்த்தியா கருகுது, தள்ளு."

உண்மையிலேயே கருகிப் புகைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தோர்த்தியாவைக் கருகவிட்டு நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 13

பேசமாட்டேன் என்கிறாள். கேட்டால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறாள். யார் இவள்?

செப்டம்பர் 21, சனி

மக்காரியோவும் நானும் வழி பார்க்கப் போய்த் திரும்பினோம். நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாந்தா ரூஃபினாவுக்குச் சற்று முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. கீழே பள்ளம், ஆறு. மக்காரியோ ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தினான். ஓரத்தில் வரிசையாகச் சிலுவைகள். பழைய பஸ் விபத்து. இந்த மலையில் இது புதிதா என்ன? சும்மா இறங்கி நின்று பெயர்களைப் படித்தேன்.

செனாய்தா ஹிமேனெஸ் வார்காஸ். பதினாறு வயது.

அம்மாவின் பெயர். இரண்டு குடும்பப் பெயரும் அப்படியே. பிறந்த வருஷமும் அதே. சிலுவையடியில் ஒரு தகர டப்பாவில் பூ. காய்ந்த பூ இல்லை, தண்ணீர் ஊற்றி வைத்த பூ.

வேறு யாராவது இருக்கலாம், ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேதான் ஊருக்குள் போனேன். குடில்களைப் பார்த்துக்கொள்கிற ஃபிதென்சியோ நல்ல பையன் மாதிரி இருந்தான். என் வயதுதான் இருக்கும். சிலுவைகளைப் பற்றி, பொதுவாகக் கேட்கிற மாதிரி, கேட்டேன்.

"அதுல செனாய்தான்னு இருக்கறது எங்க சித்தி" என்றான். "நான் பொறக்கறதுக்கு முந்தியே போயிட்டாங்க. பிடிக்காத கல்யாணம் பேசிட்டாங்கன்னு ஊரை விட்டு ஓடினாங்க. எங்கம்மாதான் விடியக்காலையில தன் சால்வையைப் போத்தி பஸ் ஏத்தி விட்டாங்க. அந்த பஸ்தான். உடம்பு கிடைக்கல, ஆறு கொண்டுபோயிருச்சு. சால்வை மட்டும் கிடைச்சுது."

"உங்கம்மா..?"

"அதோ, அடுப்படியில. மாசம் தவறாம நடந்துபோய்ப் பூ வைப்பாங்க. நான்தான் கொன்னேன், நான்தான் ஏத்தி விட்டேன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க."

ஓனோரியா அவள் பெயர். குட்டையாக, கனத்த தோளோடு. போனில் பேசியது அவள்தான். இடித்த சோளமும் மிளகாய்க் குழம்பும் ஒரு தட்டில் வைத்து எங்கள் முன் தள்ளினாள். என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மகனிடம் ஏதோ கேட்டாள். "நீங்க எந்த ஊர்னு கேக்கறாங்க" என்றான் ஃபிதென்சியோ.

வஹாகா நகரம் என்றேன்.  பெரியம்மா என்று கூப்பிட வேண்டியவள் முன்னால் உட்கார்ந்து, வாடிக்கையாளர் மாதிரி "ருசியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கேட்டேன். "உன் பேர்ல சிலுவை இருக்கு" என்றேன், அவ்வளவுதான். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பனியில், அந்த வளைவுச் சாலையில், வயிறு புரட்டியிருக்கிறது. வாந்தி எடுக்க வழியில் இறங்கியிருக்கிறாள். ஓட்டுநர் காத்திருக்கவில்லை. இருக்கையில் விட்ட சால்வையோடு பஸ் போய்விட்டது. பின்னால் வந்த காப்பி லாரியில் ஏறி வேறு வழியாக நகரம் வந்து சேர்ந்தாள். மறுநாள் ரேடியோவில் கேட்டாளாம்.

"யாரும் பிழைக்கலைன்னு சொன்னான். சரி, இனி யாரும் என்னைத் தேட மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன? உங்கப்பா, நீ, உன் அண்ணன்."

"உங்கக்கா தான்தான் உன்னைக் கொன்னேன்னு சொல்லிட்டிருக்கா, தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. "அவ அப்படித்தான் நினைப்பா" என்றாள். "முதல்ல பயம். ஒரு வருஷம் போகட்டும்னு இருந்தேன். அப்புறம் வெட்கம். வருஷம் ஆக ஆக எந்த மூஞ்சியோட போறது? அன்னிக்குப் போன்ல அவ குரல். கேட்டதும் எனக்குத் தெரிஞ்சுருச்சு, நெரெய்தா. அவளுக்குத் தெரியல."

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. என் அம்மா ஈ எறும்புக்குக்கூடப் பாவம் பார்ப்பவள். அப்படித்தானே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்? இப்படியும் ஒருத்தி செய்வாளா? செய்திருக்கிறாளே.

செப்டம்பர் 26

மலையைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடலாமா? மக்காரியோவிடம் கேட்டேன். "எடுத்துட்டா சிலுவை போயிடுமா?" என்றான். அவனுக்கு எல்லாம் தெரியும், திரும்பி வருகிற வழியிலேயே அழுதபடி கொட்டிவிட்டேன்.

எடுக்கவில்லை.

அக்டோபர் 3

இரவு உணவின்போது அம்மா, தட்டைப் பார்த்தபடி: "வண்டியில இடம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். கோபம் தீரவில்லை எனக்கு. ஆனாலும் முன் இருக்கையை அவளுக்கென்று குறித்துவைத்தேன்.

அக்டோபர் 14, திங்கள். சாந்தா ரூஃபினா

மித்லாவில் வாத்தியார்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மலை ஏற ஏறப் பனி. வளைவு வந்ததும் "நிறுத்துப்பா" என்றாள். தனியாக இறங்கிப் போனாள். வாத்தியார்கள் எல்லாம் கண்ணாடி வழியே பார்த்தார்கள், யாரோ சொந்தக்காரர் போல என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்து ஏறினாள். "வயசு தப்பாப் போட்டிருக்காங்க. எனக்கு அப்ப பதினாறு முடியல" என்றாள். மக்காரியோ சிரிக்கவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான்.

ஓனோரியா கையில் பெரிய பானையோடு வெளியே வந்தாள். அம்மா வண்டியிலிருந்து இறங்கி ஒரே ஒரு சொல் சொன்னாள். அக்கா என்றுதான் இருக்க வேண்டும், அந்த மொழி தெரியாத எனக்கே புரிந்தது.

பெரியம்மா பானையைக் கீழே வைத்தாள். நிதானமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல். நடந்து வந்தாள். அறைந்தாள். அம்மாவின் தலை திரும்பிப்போயிற்று. மறுபடி அறைந்தாள். பிறகு இரண்டு கையாலும் அம்மாவின் முகத்தைத் தடவினாள். காது, கழுத்து, தோள், விரல்கள். சந்தையில் வாங்குகிற பொருளைப் பார்ப்பது மாதிரி. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல முடியாது. நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் வேண்டாம். எட்டு வாத்தியார்களும் பெட்டியைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

பிறகு பெரியம்மா ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஃபிதென்சியோவின் முகம் வெளுத்திருந்தது. "என்ன சொன்னாங்க?" என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் இங்க கொலைகாரியா இருந்தேன், நீ அங்க காப்பி குடிச்சிட்டு இருந்தியான்னாங்க."

அம்மா முற்றத்திலேயே நின்றாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் கதவு திறந்தது. பெரியம்மா எல்லாருக்கும் பரிமாறினாள். கடைசியில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், அம்மா கையில் திணித்துவிட்டு வந்தாள். அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

புறப்படுகிற நேரம். அம்மாவின் செருப்பைக் காணோம். குடிலில் இல்லை, வாசலில் இல்லை. வாத்தியார்கள் கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினார்கள். பெரியம்மா மட்டும் தேடவில்லை. அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மாதான் ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று ஃபிதென்சியோ என் காதில் சொன்னான். "எங்கன்னு எனக்கும் சொல்லல."

அம்மா வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று அக்காவைப் பார்த்தாள். பார்த்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கேயோ அழுகையாகிவிட்டது. "நீ கிளம்பு நெரே, உன் ஆளுங்க காத்திருக்காங்க" என்றாள்.

முன் இருக்கையில் தொப்பிக்கார வாத்தியார் வந்து உட்கார்ந்தார்.

அக்டோபர் 19, சனி

பயணம் முடிந்தது. அனுப்பிவைத்தேன். வீட்டில் யாரும் இல்லை. அண்ணனிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். நான் குடித்திருக்கிறேனா என்று கேட்டான்.

அக்டோபர் 27, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். பின்னால் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம். இன்னமும் அக்கா நாளில் பாதி நேரம் திட்டுகிறாளாம், மீதி நேரம் பேசவே மாட்டாளாம். ஒரே போர்வையில்தான் தூங்குகிறார்களாம்.

"இங்க குளிரு தாங்கல. அலமாரியில என் கம்பளித் துணி இருக்கும், மக்காரியோ வரும்போது கொடுத்தனுப்பு."

"எதை அனுப்ப? பச்சையா, சாம்பலா?"

பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது.

"எல்லாத்தையும்" என்றாள்.