ஏழெழுபது தரம்

தாராவி, பம்பாய் 17
20.11.1966, ஞாயிறு

அன்பு மகன் நம்பிராஜனுக்கு அப்பா வெயிலுமுத்து எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அஸ்ஸாம் மலையில் காவல் நிற்கிற உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நீ பட்டாளத்துக்குப் போன இந்த ஐந்து வருஷத்தில் என் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. எப்போதும் எழுதுகிற அம்மாவுக்கு இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, புண் ஆறி வருகிறது, கரண்டி பிடிக்கிறாள், பேனாதான் பிடிக்க முடியவில்லை. அந்தக் கட்டு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் கடிதம் போன வாரம் வந்தது. டிசம்பரில் இரண்டு மாத லீவு கிடைத்துவிட்டது என்றும், தம்பியைக் கொன்ற பஞ்சுவின் கதையை முடித்துவிட்டுத்தான் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பேன் என்றும் எழுதியிருந்தாய். அம்மா வாசித்தாள், மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். மகனே, ஒரு பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொடுத்துவிட்டேன், தூக்குமேடைக்குக் கொடுக்க என்னிடம் இன்னொரு பிள்ளை இல்லை. அதனால் ரயில் ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு ஏறு. உன் மனசு நோகும் என்று அம்மா பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் உனக்கு எழுதியிருப்பாள். எனக்கு விழுங்கத் தெரியாது.

முதலில் நான் வேதத்தில் சேர்ந்த கதையைச் சொல்கிறேன், அதையும் அவள் பூசி மெழுகித்தான் எழுதியிருப்பாள். போன வருஷம் சாராயம் தலைக்கேறி அம்மாவின் வலது மணிக்கட்டை ஒடித்தேன். குழம்பில் உப்புக் குறைந்ததற்கு ஒடித்தேன். சயான் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளை, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை உபதேசியாரின் மனைவி ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். என்னைக் கேட்காமல் எப்படிப் போகலாம் என்று தலைமயிரைப் பிடித்து இழுத்துவரப் போனேன். குறுக்கே வந்த உபதேசியாரை அறைந்தேன், மூக்குக்கண்ணாடி தெறித்து உடைந்தது. மறுநாள் அந்த மனிதர் கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு, கரீம் பாட்சா முதலாளியின் தோல்ஷாப் வாசலில் எனக்காக நின்றார். போலீஸோடு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்த கையும் வலிக்குமே, எண்ணெய் தேய்த்தாயா என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானாகப் போய் உட்கார்ந்தேன். குடியை விட்டேன். மாடசாமி கோயில் கொடைவிழாவில் பத்து வருஷமாக நான் பிடித்து ஆடிய அரிவாளை உன் மாமன் வானமாமலையிடம் கொடுத்தேன், இனி மனுசர் மேல் கை ஓங்குவதில்லை என்று வாக்குச் சொல்லி ஞானஸ்நானம் வாங்கினேன். சொன்ன வாக்கு ஏழு மாதம் நின்றது.

சித்திரையில் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்த நாட்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, குழாயடிக்குப் போக வேண்டியவன் நான். கூட்டத்துக்குப் பாய் விரிக்கப் போகிறேன், நீ போய் நில் என்று உன் தம்பி மாசானத்தை அனுப்பினேன். பஞ்சு சாராயம் காய்ச்சுகிற கும்பலோடு திரிகிறவன், வரிசையில் குடத்தை மட்டும் வைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். ஆள் இல்லாத குடத்துக்கு என்ன வரிசை என்று நம் பிள்ளை அதைக் காலால் எத்தித் தள்ளியிருக்கிறான். பத்தொன்பது வயசு ரத்தம். பஞ்சு ஓடிவந்து, குழாய் திருகுகிற இரும்பால் பின்மண்டையில் ஒரே போடு. நான் அங்கே கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் ஓடிவந்து கத்தினபோது ஆமென்கூடச் சொல்லி முடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவன் காதிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது, மூன்றாம் நாள் நின்றது. நின்றதும் தேறிவிட்டான் என்று முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

உனக்குத் தந்தி தாமதமாகக் கிடைத்தது ஒருவகையில் நல்லது, அன்று இங்கே நடந்ததை நீ பார்த்திருக்கக் கூடாது. வேதத்தில் சேர்ந்தவன் வீட்டுப் பிணத்தைப் புதைக்க வேண்டும் என்று நான் சொன்னேன், தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் படாத பிள்ளையை எங்கள் சாமிக்குத்தான் கொடுப்போம் என்று வானமாமலை சொன்னான். பாடைக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் சட்டையைப் பிடித்து உலுக்கினதில் பாடை சரிந்து, பிள்ளையின் கை வெளியே வந்து தொங்கியது. அதைப் பார்த்தும் நான் விடவில்லை. உபதேசியார்தான் அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்து, எரித்தாலும் புதைத்தாலும் மண்தான், நட வெயிலுமுத்து என்றார். எரித்தோம். அவர் சுடுகாடு வரைக்கும் செருப்பில்லாமல் கூட வந்தார். பதினாறாம் நாள் வானமாமலை மாடசாமியின் அரிவாளைக் கொண்டுவந்து நம் வாசற்படியில் வைத்தான். சாமியை விட்டதால் வந்த குத்தம் இது, ரத்தத்தால்தான் கழியும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

உன் அம்மாவைப் பற்றி என்ன சொல்ல. என்னை வேதத்துக்கு இழுத்தவளே அவள்தான், பிள்ளை போனபிறகு கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள், தலைமுடியை அள்ளி முடிவதில்லை. ஆகஸ்டில் பஞ்சு ஜாமீனில் வந்து பழையபடி நம் சந்திலேயே நடமாட ஆரம்பித்தான். குழாயடியில் நின்ற இருபது பேரில் ஒருவருக்கும் கண் இல்லையாம், சாட்சி சொல்ல ஆள் இல்லை. அன்று சோற்றுத் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டு அவள் சொன்னாள், “எங் கைய ஒடிச்ச கைதான இது, எம் பிள்ளையக் கொன்னவனுக்கு மட்டும் வராதோ?” அதைவிட அவள் என்னை அரிவாளால் வெட்டியிருக்கலாம். நேரே உபதேசியாரிடம் போய், சபையிலிருந்து என் பெயரை அடித்துவிடுங்கள், நான் வெட்டப் போகிறேன் என்றேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்ட இடத்தை எடுத்து வாசித்தார். ஏழெழுபது தரமட்டும் என்று வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பொறு பொறு என்று மொட்டையாகச் சொன்னால் எவனால் முடியும், ஒரு எண்ணிக்கை இருந்தால் முட்டி மோதிப் பார்க்கலாம். எழுபத்தேழைத்தான் அப்படித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், வேதப்புத்தகத்தில் எல்லாமே கொஞ்சம் திருப்பித்தானே எழுதியிருக்கிறது. யாரிடமும் கேட்கவில்லை.

தோல்ஷாப்பில் தோல் எண்ணுகிற மாதிரி, கதவுக்குப் பின்னால் தகரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று போட ஆரம்பித்தேன். காலையில் குழாயடியில் அவனைப் பார்ப்பேன், பல்லைக் கடிப்பேன், கர்த்தாவே இந்த ஒரு தரம் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வந்து ஒரு கோடு. ஒருநாள் அவன் என் காலடியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பினான், அன்றும் ஒரு கோடுதான். நாக்கைக் கடித்து ரத்தம் வந்த நாட்களும் உண்டு. மன்னிப்பு என்றா நினைக்கிறாய், இல்லை மகனே, எழுபத்தேழு எப்போது வரும் என்று நாள் எண்ணினேன். ஐம்பது தாண்டியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினேன். வெயிலுமுத்து ஆவியில் வளர்கிறார் என்று சபையார் பேசிக்கொண்டார்கள். கட்டிலுக்கு அடியில் அரிவாளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

இந்த மாதம் ஏழாம் தேதி திங்கட்கிழமை எழுபத்தேழாவது கோட்டைப் போட்டேன். மறுநாள் காலை அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தம்பி விழுந்த அதே கல்லில் குனிந்து பஞ்சு குடம் கழுவிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து முடியைப் பிடித்து மடக்கினேன், கழுத்து மேலே வந்தது. வருஷக்கணக்காகத் தோலிலிருந்து சதை வழித்த கை, எங்கே வைத்தால் எவ்வளவு இறங்கும் என்று அதற்குத் தெரியும். அவன் கத்தவில்லை, கால் வழியே மூத்திரம் போனது. ஓங்கினேன். ஓங்கின அரிவாளை யாரோ பிடித்தார்கள். திரும்பினால் உன் அம்மா, வெட்டு வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறாள், முழங்கை வழியாக ரத்தம் ஒழுகுகிறது, விரித்த தலையோடு என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள், “எண்ணத் தெரியாத மனுசா, ஏழு எழுவது நானூத்தித் தொண்ணூறு. ஒமக்கு இன்னும் நானூத்திப் பதிமூணு கெடக்கு.”

ஒருநாளும் அந்தத் தகரத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததாக எனக்குத் தெரியாது. என்னோடு சேர்ந்து அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் எழுபத்தேழில் நிறுத்துவேன் என்று அவளுக்குத் தெரியாது, அரிவாள் கட்டிலுக்கு அடியில் இல்லை என்று கண்டதும் ஓடிவந்திருக்கிறாள். என்னைத் தூண்டிவிட்டவளும் அவளே, வந்து பிடித்தவளும் அவளே. ஏன் என்று பிறகு கேட்டேன். அவன் கும்பல் கையில் நீர் போய்ச் சேர்ந்தால் பழிவாங்க அடுத்து நம்பி வருவான், எனக்கு யார் மிஞ்சுவது என்றாள். உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன், நான் அப்போதும் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. அவள் கையை விலக்கிவிட்டு அரிவாளைத் திருப்பி, மழுங்கின பக்கத்தால் பஞ்சுவின் தோளில் ஒன்று போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது, இனித்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஆஸ்பத்திரியில் இவளுக்கு இரண்டு கையிலும் சேர்த்துப் பதினொரு தையல். அங்கேயே பஞ்சுவுக்குக் கட்டுப் போட்டார்கள். போலீஸ்காரர் கேட்டதற்கு வழுக்கி விழுந்தேன் என்று சொன்னானாம். அரிவாளைக் கொண்டுபோய் வானமாமலை வாசலில் போட்டுவிட்டு வந்தேன், அவன் என்னோடு பேச்சை முறித்துக்கொண்டான். உபதேசியாரிடம் எல்லாம் சொன்னேன். மன்னிப்புக்குக் கணக்கே கிடையாது, அது சும்மா சொன்ன எண் என்கிறார். அவர் பிள்ளை சாகவில்லை. எனக்கு எண்ணிக்கை வேண்டும், இல்லாவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தோளில் போட்ட அன்றைக்குக் கோடு கிடையாது. மறுநாளிலிருந்து எழுபத்தெட்டு.

இப்போது பஞ்சு ஒரு கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு குழாயடிக்கு வருகிறான். முந்தாநாள் குழாயடிக் கூட்டத்தில் அவன் குடம் கடைசியில் ஒதுங்கிக் கிடந்தது. என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். நான் அதைக் கையால் தொட்டுத் தூக்கிக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதே, அந்த அளவுக்கு நான் இன்னும் ஆகவில்லை. காலால் எத்தி, எனக்கு முன்னால் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான் முடிந்தது. வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். அன்று உன் அம்மா கட்டுப்போட்ட கையோடு தலையைக் காட்டி, முடிந்துவிடச் சொன்னாள். எனக்குப் பின்னத் தெரியவில்லை, ஒரு கொண்டை மாதிரி சுருட்டி வைத்தேன்.

நம்பி, நீ பட்டாளத்துக்குப் போனது நாட்டுக்காக இல்லை, என் பெல்ட்டுக்குப் பயந்து போனாய். ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுகிற எனக்கு அது தெரியாது என்று நினைக்காதே. பஞ்சுவுக்குக் கோடு போடுகிற நான் உன்னை எத்தனை தரம் அடித்தேன் என்று ஒருநாளும் எண்ணவில்லை. நீ எண்ணியிருப்பாய். லீவுக்கு வா, கண்டிப்பாக வா, அம்மா உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறாள். வழியில் கூட்டாளிகளோடு சேர்ந்து குடிக்காதே, கல்கத்தாவில் ரயில் மாறும்போது பெட்டியைப் பார்த்துக்கொள். வெறுங்கையோடு வா. பஞ்சுவை மன்னிக்க வேண்டும் என்று உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கதவுக்குப் பின்னால் என் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். சுண்ணாம்புக் கட்டி கதவு மேல் சட்டத்தில் இருக்கிறது. மனசு வந்தால் எடுத்து ஒரு கோடு போடு, பஞ்சுவுக்கு வேண்டாம், முதலில் எனக்குப் போடு. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, நூறு வயசு இரு.

உன்னை அடித்த கையால் எழுதும்
அப்பா
வெயிலுமுத்து